சாண்டோரினியில் இரவு விமானம்: டாக்ஸி வரிசையில் நிற்பதா, முன்பதிவு செய்வதா?

நீங்கள் கேட்டிருப்பதைச் சுருக்கினால் இதுதான். ஜூலை இரண்டாம் வாரத்தில், ஏதென்ஸிலிருந்து வரும் விமானத்தில், இரவு 10.40 மணிக்குக் கிரேக்கத் தீவான சாண்டோரினியில் இறங்குகிறீர்கள். உடன் மனைவி, ஏழு வயது மகள், முழங்கால் வலியுள்ள 68 வயது அம்மா, நான்கு பெட்டிகள். தங்குமிடம் தீவின் வடமுனையில் உள்ள ஓயா என்ற ஊரில். விடுதிக்காரர்கள் கார் அனுப்ப 65 யூரோ கேட்கிறார்கள். வெளியே வந்து டாக்ஸி பிடித்தால் அதைவிடக் குறைவாக முடியும் என்கிறார் உங்கள் நண்பர். இரண்டில் எது சரி, டாக்ஸிக்காரர் ஏமாற்றுவாரா என்று கேட்கிறீர்கள். விலையைப் பற்றிய கேள்விபோலத் தெரிந்தாலும், உங்கள் கவலை வேறு என்றே எனக்குப் படுகிறது: அந்த நேரத்தில் அம்மாவையும் குழந்தையையும் கூட்டிக்கொண்டு வெளியே வரும்போது வண்டி இருக்குமா, அது விடுதி வாசல்வரை போகுமா? இந்த இரண்டுக்கும்தான் பதில் எழுதுகிறேன். முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: முன்பதிவு செய்துவிடுங்கள். ஆனால் வண்டி நிற்கும் இடத்திலிருந்து அறைவரை என்ன நடக்கும் என்பதை எழுத்தில் வாங்காமல் அந்த 65 யூரோவைக் கொடுக்க ஒப்புக்கொள்ளாதீர்கள்.

வெளிநாட்டுச் சுற்றுலா ஏற்பாடு செய்யும் தொழிலில் பதினான்கு ஆண்டுகளாக இருக்கிறேன். கிரேக்கத் தீவுகளுக்குப் பல குடும்பங்களை அனுப்பியிருக்கிறேன், நானும் சில முறை போய் வந்திருக்கிறேன். அந்த அனுபவத்தில் உறுதியாகச் சொல்லக்கூடிய ஒன்று, சாண்டோரினியில் பயணிகளை வருத்துவது டாக்ஸிக்காரர்களின் நேர்மையின்மை அல்ல, டாக்ஸிகளின் பற்றாக்குறை என்பதே. தீவின் நிரந்தர மக்கள்தொகை பதினைந்தாயிரம் சொச்சம். 2023இல் மட்டும் சுமார் 34 லட்சம் பேர் வந்துபோனதாகச் செய்திகளில் பரவலாக வெளிவந்தது. கிரேக்கத்தில் டாக்ஸி உரிமங்களின் எண்ணிக்கை அரசின் கட்டுப்பாட்டில் இருக்கிறது. கோடையில் தேவை கூடுகிறது என்பதற்காக ஒருவர் தன் சொந்தக் காரை டாக்ஸியாக ஓட்டிவிட முடியாது. தீவில் எத்தனை டாக்ஸி என்று கேட்டபோதெல்லாம் நாற்பதுக்கு அக்கம்பக்கம் என்றே பதில் வந்திருக்கிறது. இப்போது சற்றுக் கூடியிருந்தாலும், அத்தனையும் விமான நிலையத்துக்கு மட்டுமானவை அல்ல. அதினியோஸ் துறைமுகத்தில் கப்பலிலிருந்து இறங்குபவர்கள், தீவின் தலைநகரான ஃபிராவில் இரவு உணவை முடித்துவிட்டுத் திரும்புபவர்கள், கடற்கரை ஊர்களுக்குப் போகிறவர்கள் என்று எல்லோருக்கும் அதே வண்டிகள்தான்.

இரவில் விமான நிலையத்தில் நிலைமை எப்படி இருக்கும் என்பதை ஒருமுறை அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். நிலையம் சிறியது, ஃப்ராபோர்ட் கிரீஸ் நிறுவனம் 2017இல் பொறுப்பேற்று விரிவாக்கிய பிறகும், பெட்டி வரும் பட்டையிலிருந்து வெளிவாசலுக்கு ஒரு நிமிட நடைதான். கதவு திறந்ததும் பெயர் எழுதிய அட்டைகளோடு பதினைந்து இருபது பேர் நின்றுகொண்டிருந்தார்கள். அட்டையில் தன் பெயரைப் பார்த்தவர்கள் அப்படியே பெட்டியை ஒப்படைத்துவிட்டுப் போய்விட்டார்கள். மற்றவர்கள் டாக்ஸி நிறுத்தத்தில் வரிசை கட்டினார்கள். எனக்கு முன்னால் ஏழு குடும்பங்கள். இருபத்தைந்து நிமிடத்தில் வந்த டாக்ஸி இரண்டு. பகல் முழுக்க வெயில் காய்ந்த அந்தத் தீவில், வடக்கிலிருந்து வரும் மெல்டெமி என்ற கோடைக்காற்று சில நாள்களில் இரவிலும் வீசுகிறது. வரிசையில் ஒரு முதிய பெண்மணி பெட்டியின்மேல் உட்கார்ந்து, துண்டால் காதை மூடிக்கொண்டிருந்தார். ஏமாற்ற அங்கே யாருமே இல்லை, வண்டிதான் இல்லை. உங்கள் அம்மாவை நினைத்துத்தான் இதை இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன். முன்பதிவு செய்தாலும் கைப்பையில் ஒரு சால்வை இருக்கட்டும்.

உங்களுக்கு ஒரு வசதி உண்டு. இந்தியாவிலிருந்து வரும் உங்களுக்குக் குடிவரவுச் சோதனை ஏதென்ஸிலேயே முடிந்துவிடும். அங்கிருந்து சாண்டோரினிக்கு வருவது உள்நாட்டு விமானம் என்பதால், இறங்கியபின் பெட்டிக்காகக் காத்திருப்பது தவிர வேறு தாமதம் இருக்காது. லண்டன் போன்ற இடங்களிலிருந்து நேராக வருகிறவர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது.

இனி கட்டணம். இதில் உறுதியானதையும் உறுதியற்றதையும் பிரித்துச் சொல்ல வேண்டும். கிரேக்க டாக்ஸி மீட்டரில் இரண்டு கட்டண நிலைகள் உண்டு என்பது உறுதி. ஒன்றாம் நிலை ஊர் எல்லைக்குள் பகல் நேரத்துக்கானது. இரண்டாம் நிலை அதைவிடக் கணிசமாகக் கூடுதல். நள்ளிரவு 12 மணி முதல் காலை 5 மணி வரையிலும், ஊர் எல்லைக்கு வெளியே போகும்போது எந்த நேரமானாலும் அதுதான். மீட்டரில் 2 என்ற எண் தெரிந்தவுடன் பலர் ஓட்டுநரிடம் சண்டைக்குப் போகிறார்கள். விமான நிலையத்திலிருந்து ஓயாவுக்குப் போகும் பாதையின் பெரும்பகுதி ஊர் எல்லைக்கு வெளியே இருப்பதால் அந்த எண்ணில் தவறில்லை. விமான நிலையத்திலிருந்து ஏறுவதற்கும், பத்துக் கிலோவுக்கு மேற்பட்ட ஒவ்வொரு பெட்டிக்கும், முன்கூட்டி அழைத்ததற்கும் சிறு கூடுதல் தொகைகள் வாங்கலாம்; அவையும் சட்டப்படியானவையே. சாதாரண டாக்ஸியில் ஓட்டுநரைத் தவிர நான்கு பேருக்குத்தான் இடம், குழந்தையும் ஓர் ஆளாகவே கணக்கு. நீங்கள் சரியாக நான்கு பேர். ஆனால் நான்கு பெரிய பெட்டிகள் ஒரே காரின் பின்பக்கத்தில் அடங்குவது ஐயம்தான்.

அவ்வளவு உறுதியாகச் சொல்ல முடியாதது தொகை. சாண்டோரினியில் பல ஓட்டுநர்கள் மீட்டரைப் பார்ப்பதைவிட இடத்துக்கு இவ்வளவு என்று சொல்வதே வழக்கமாக இருக்கிறது. சமீப ஆண்டுகளில் என் வாடிக்கையாளர்கள் கொடுத்தது, நிலையத்திலிருந்து ஃபிராவுக்கு 25 முதல் 35 யூரோ, ஓயாவுக்கு 40 முதல் 50 யூரோ. இந்தத் தொகைகளை ஒரு தோராயமாக வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பருவத்திலும் ஏறுகின்றன, நீங்கள் போகும்போது இதுவே இருக்கும் என்று நான் பொறுப்பேற்க முடியாது. அதன்படி பார்த்தால் விடுதி கேட்கும் 65 யூரோ, டாக்ஸியைவிடப் பதினைந்து முதல் இருபத்தைந்து யூரோ கூடுதல். அந்தக் கூடுதல் தொகை ஓர் ஓட்டுநர் உங்கள் விமானத்துக்காகக் காத்து நிற்பதற்கான கூலி. நியாயமான கூலி என்றே கருதுகிறேன். தனியாகப் போகிற இருபத்தைந்து வயது இளைஞர் கேட்டிருந்தால் வேறு பதில் சொல்லியிருப்பேன்.

டாக்ஸியிலேயே போவதென்றால், பெட்டியை உள்ளே வைப்பதற்கு முன் தொகையைக் கேட்டுவிடுங்கள், அது நான்கு பேருக்கும் பெட்டிகளுக்கும் சேர்த்தா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். இறங்கும்போது ரசீது கேளுங்கள். கிரேக்க மொழியில் அதற்கு "அப்போடிக்ஸி" என்று பெயர், அந்த ஒரு சொல்லே போதும். டாக்ஸிகளில் கார்டு இயந்திரம் இப்போது சட்டப்படி கட்டாயம். ஆனாலும் சிறிய நோட்டுகளாக நூறு யூரோ கையில் வைத்திருங்கள். அளவுக்கு மீறிக் கேட்கிறார்கள் என்று தோன்றினால் சுற்றுலாப் பயணிகளுக்கான காவல்துறை எண் 1571. அதைக் கூப்பிட வேண்டிய தேவை என் வாடிக்கையாளர்களில் யாருக்கும் வந்ததில்லை. இன்னொன்று: நாம் ஓயா என்று படிக்கும் பெயரை அங்கே "ஈயா" என்றுதான் சொல்வார்கள். ஃபிராவுக்குத் திரா என்றும் பெயர் உண்டு, பேருந்துப் பலகைகளில் அந்தப் பெயரைக் கண்டு குழம்ப வேண்டாம்.

கைப்பேசிச் செயலியில் வண்டி வரவழைக்க முடியாதா என்றும் கேட்டிருந்தீர்கள். நம் ஊரில் வண்டி கிடைக்காதபோது அதைத்தான் செய்கிறோம், அதனால் அந்த எண்ணம் இயல்பானது. ஆனால் கிரேக்கத்தில் உபெர் நிறுவனம் தனியார் ஓட்டுநர்களைக் கொண்டு நடத்திய சேவையை, புதிய சட்டத்தைத் தொடர்ந்து 2018இல் நிறுத்திவிட்டது. அதன்பின் அந்தச் செயலி அங்கே உரிமம் பெற்ற டாக்ஸிகளைத்தான் அழைத்துக் கொடுக்கிறது. அதாவது, வரிசையில் நிற்பவர்களும் செயலியில் தேடுபவர்களும் எதிர்பார்ப்பது அதே நாற்பது சொச்சம் வண்டிகளை. செயலி இருப்பதால் தீவில் ஒரு வண்டிகூடக் கூடுவதில்லை.

பேருந்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கேடெல் என்ற பேருந்து அமைப்பு நிலையத்திலிருந்து ஃபிராவுக்கு வண்டி விடுகிறது, கட்டணம் இரண்டு யூரோ அளவில்தான், பகலில் இறங்குபவர்களுக்கு மிக நல்லது. ஓயாவுக்கு ஃபிராவில் இறங்கி வேறு பேருந்து ஏற வேண்டும். இரவு பதினொரு மணிக்கு, பெட்டிகளோடு, முழங்கால் வலியுள்ள ஒருவரோடு அதை முயலச் சொல்ல மாட்டேன். வாடகைக்குக் கார் எடுத்து நீங்களே ஓட்டுவதற்கு இந்திய உரிமத்தோடு சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் வேண்டும். அது இருந்தாலும், எரிமலைச் சரிவின் வளைவுகளில் முதல் பயணத்தை நள்ளிரவில் செய்ய வேண்டாம்.

தீவின் தூரங்களை வரைபடத்தில் பார்த்து முடிவு செய்வதும் கூடாது. கமாரியும் பெரிசாவும் வரைபடத்தில் ஒட்டிக்கொண்டிருப்பதுபோலத் தெரியும் இரண்டு கடற்கரை ஊர்கள். இடையில் மேசா வூனோ என்ற மலை நிற்பதால், சாலை வழியாக உள்நாட்டுக்குள் போய்ச் சுற்றி வர வேண்டும். விமான நிலையம் கமாரிக்குப் பக்கத்தில் இருக்கிறது என்று சொல்லிப் பெரிசாவில் அறை எடுத்தவர்கள் டாக்ஸிக் கட்டணத்தைக் கேட்டுத் திகைத்திருக்கிறார்கள். உங்கள் பாதையில் அப்படிப்பட்ட சிக்கல் இல்லை. நிலையத்திலிருந்து ஓயா ஏறத்தாழ 17 கிலோமீட்டர், அரைமணி நேரம். இமெரோவிக்லி வழியாக மலைவிளிம்பில் ஒரு சாலையும், வூர்வூலோஸ் வழியாகக் கீழே கிழக்குக் கடலோரமாக ஒரு சாலையும் போகின்றன. ஓட்டுநர் கீழ்ச்சாலையில் திரும்பினால் சுற்றி அழைத்துப் போகிறார் என்று நினைத்துவிடாதீர்கள். நெரிசலைத் தவிர்க்க அவர்கள் வழக்கமாக எடுக்கும் பாதைதான் அது.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். ஓயாவில் காரில் போய் விடுதி வாசலில் இறங்குவது என்பது பெரும்பாலான விடுதிகளுக்குக் கிடையாது. ஊரின் முதுகெலும்பாக ஓடும் சலவைக்கல் பதித்த தெரு நடப்பவர்களுக்கு மட்டுமானது. வண்டிகள் ஊரின் பின்புறத்து வாகன நிறுத்தங்களோடு நின்றுவிடும். நீங்கள் படங்களில் பார்த்த வெள்ளை வீடுகள் அந்தத் தெருவுக்குக் கீழே, கடலை நோக்கிச் சரியும் பாறையில் குடைந்து கட்டப்பட்டவை. அவற்றை அடைய வழி படிக்கட்டுகள்தான். அவை ஒரே உயரத்தில் இருக்காது. சில இடங்களில் ஒரு முழ அகலம், சில இடங்களில் பாதம் வைக்கவே இடம் போதாது, கைப்பிடி எங்கும் இருக்கும் என்றும் சொல்ல முடியாது. சக்கரம் வைத்த பெட்டி அங்கே சுமையாகிவிடும். இழுக்க முடியாது, தூக்கத்தான் வேண்டும். விடுதிகளில் இதற்கென்றே ஆட்கள் இருக்கிறார்கள். இருபத்தைந்து கிலோ பெட்டியைத் தோளில் ஒன்றும் கையில் ஒன்றுமாக எடுத்துக்கொண்டு, நாம் சுவரைப் பிடித்து இறங்கும் படிகளில் அவர்கள் பேசிக்கொண்டே இறங்குவார்கள்.

சில ஆண்டுகளுக்கு முன் நான் அனுப்பிய ஒரு குடும்பத்துக்கு நேர்ந்ததைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதில் என் பங்கும் இருக்கிறது. விடுதியின் மின்னஞ்சலில் "நிறுத்தத்திலிருந்து மூன்று நிமிட நடை" என்று இருந்தது. மூன்று நிமிடம்தானே என்று நானும் மேற்கொண்டு கேட்கவில்லை. கார் சரியாக வந்தது, ஓட்டுநர் பண்பாக நடந்துகொண்டார், நிறுத்தத்தில் இறக்கிவிட்டுப் போய்விட்டார். அதன்பின் தொண்ணூறுக்கு மேற்பட்ட படிகள். பெட்டி தூக்க வர வேண்டியவர் இரவு பத்து மணியோடு வேலை முடித்துப் போய்விட்டிருந்தார். எழுபது வயதுப் பெரியவர் ஒவ்வொரு படியிலும் உட்கார்ந்து உட்கார்ந்து இறங்கினார். மகன் மூன்று முறை ஏறி இறங்கிப் பெட்டிகளைச் சேர்த்தார். மறுநாள் அந்த மகன் தொலைபேசியில் என்னைக் கோபித்துக்கொள்ளவில்லை. "அண்ணே, படி எத்தனைன்னு மட்டும் கேட்டிருக்கலாமே" என்றார். அன்றிலிருந்து படிக்கட்டு எண்ணிக்கை தெரியாமல் அந்தத் தீவில் யாருக்கும் அறை உறுதி செய்வதில்லை.

ஆகவே விடுதிக்கு எழுதும்போது முதலில் கேட்க வேண்டியது, கார் நிற்கும் இடத்திலிருந்து எங்கள் அறைவரை எத்தனை படிகள், அவை ஏறுவதா இறங்குவதா என்பது. அடுத்து, இரவு பதினொன்றரை மணிக்கு நிறுத்தத்தில் வந்து பெட்டிகளை எடுத்துப் போக ஆள் இருப்பாரா, அதற்குத் தனிக்கட்டணம் உண்டா என்பது. 65 யூரோ ஒரு வண்டிக்கா, ஆளுக்கா என்பதையும் கேளுங்கள். விடுதி சொல்லும் தொகை பெரும்பாலும் வண்டிக்குத்தான். இணையத்தில் மலிவாகத் தெரியும் பகிர்வு வண்டிகள் ஆளுக்கு இவ்வளவு என்று கணக்கிடுபவை, அவை வழியில் ஒவ்வொரு விடுதியாக நின்று நின்றுதான் போகும். மகளுக்குக் குழந்தை இருக்கை வேண்டுமானால் இப்போதே சொல்லிவிடுங்கள். தெருவில் பிடிக்கும் டாக்ஸியில் அதை எதிர்பார்க்க முடியாது. இறங்கும் நேரத்தை மட்டும் கொடுக்காமல் விமான எண்ணைக் கொடுங்கள், விமானம் தாமதமானால் ஓட்டுநர் அதைப் பார்த்து வருவார். ஜூலையில் இரவு விமானங்கள் ஒரு மணி நேரம் தள்ளிப்போவது அரிதல்ல. நள்ளிரவைத் தாண்டினால் தொகை மாறுமா, காத்திருப்பதற்குத் தனியாக வாங்குவார்களா என்பதற்கும் எழுத்தில் பதில் இருக்கட்டும். ஓட்டுநரின் கைப்பேசி எண் முதல்நாளே உங்களிடம் இருக்க வேண்டும், அந்த எண்ணை அம்மாவின் பையிலும் ஒரு தாளில் எழுதி வையுங்கள்.

நான் சொல்வது சாண்டோரினிக்கானது, மைக்கோனோஸுக்கும் பெருமளவு பொருந்தும். எல்லாக் கிரேக்கத் தீவுகளுக்கும் பொருந்தாது. உங்கள் நண்பர் ரோட்ஸ் தீவுக்குப் போய்வந்தவர் என்று எழுதியிருக்கிறீர்கள். அவர் சொன்னது அங்கே சரிதான். ரோட்ஸ் பெரிய தீவு. அதன் தியாகோரஸ் விமான நிலையம் ரோட்ஸ் நகரத்திலிருந்து 14 கிலோமீட்டரில் இருக்கிறது. வெள்ளைக் கூரையிட்ட கருநீல டாக்ஸிகள் போதுமான அளவில் நிற்கும். எந்த ஊருக்கு எவ்வளவு என்று பலகையும் வைத்திருப்பார்கள். கிரீட் தீவின் ஹெராக்லியோனில் நிலையம் நகரத்துக்குச் சில கிலோமீட்டர் தொலைவிலேயே இருக்கிறது, கோர்ஃபுவிலும் அப்படியே. அங்கெல்லாம் முன்பதிவுக்குக் கூடுதலாகக் கொடுப்பது பலருக்குத் தேவையற்ற செலவு. அந்த அனுபவத்தைச் சாண்டோரினியின் ஜூலை இரவுக்கு எடுத்து வருவதில்தான் கணக்கு தவறுகிறது.

திரும்பும் நாளையும் இப்போதே பேசி முடித்துவிடுங்கள். ஜூலையில் அங்கே சூரியன் மறைய இரவு எட்டரை மணி ஆகும். அதைப் பார்ப்பதற்காகத் தீவு முழுவதிலிருந்தும் ஓயாவில் கூடுகிற கூட்டம், மறைந்த அடுத்த நிமிடம் ஒரே சாலையில் கிளம்பும். உங்கள் திரும்பும் விமானம் இரவு 10.15க்கு என்றால், மறைவைப் பார்த்துவிட்டுக் கிளம்பலாம் என்று நினைக்காதீர்கள். ஏழரைக்கே ஓயாவை விட்டுவிடுங்கள். மறைவை முந்தைய நாள்களில் நிதானமாகப் பார்த்துக்கொள்ளலாம்.

படிகள் முப்பதுக்குள், ஆள் வருவார் என்று பதில் வந்தால் கவலையில்லாமல் அந்த 65 யூரோவுக்குச் சம்மதியுங்கள். எண்ணிக்கையைச் சொல்லாமல் "சிறிது தூரம்தான்" என்று மழுப்பினால், கட்டணமின்றி ரத்து செய்யும் தேதி முடிவதற்குள் சாலையோரம் கார் நிற்கும் ஒரு விடுதிக்கு மாறிவிடுங்கள். கமாரியில் அப்படிப்பட்டவை நிறைய உண்டு. நிலையத்திலிருந்து நான்கைந்து கிலோமீட்டர்தான், படிக்கட்டுத் தொல்லை இல்லாத சமதரை. கடலுக்கு எதிரே தெருவோரமாக அம்மா தினமும் மாலையில் நடக்கலாம், ஓயாவை ஒருநாள் பகலில் போய்ப் பார்த்துவிட்டு வரலாம். விடுதியின் பதில் வந்ததும் இங்கேயே எழுதுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.